அண்ணாந்து குடித்தவர்

பம்பாய் கமிஷன் ஏஜென்ட் மேத்தா திருப்பூர் காதர்பேட்டை மெஸ்ஸில் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்ன ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

"இத்தாலிக்காரன் வைன் இல்லாம டின்னருக்கு உட்கார மாட்டான், முதலியார்ஜி."

சொல்லிவிட்டு அவர் இன்னொரு அப்பளம் கேட்டார். அவரைப் பொறுத்தவரை பேச்சு அதோடு முடிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மருதாசல முதலியாருக்கோ அங்கேதான் ஆரம்பித்தது.

அது எழுபத்தெட்டாம் வருஷம். அதுவரை திருப்பூர் பனியன் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் போய்த்தான் பழக்கம். கடல் தாண்டி வாங்குவதற்கு ஒரு வெள்ளைக்காரர் நேரில் வருகிறார் என்பது ஊருக்கே புதுசு. அவர் வைகாசியில் வருவார், வெள்ளைப் பனியன் கேட்பார், முதலியார் வீட்டில் விருந்து சாப்பிடுவார். மேசையில் மேத்தாவைத் தவிர உள்ளூர்க்காரர்களுக்கு மூன்றே நாற்காலிகள்.

மருதாசல முதலியார் பனியன் கம்பெனி முதலாளி. கோயில் தேர்க் கமிட்டிப் பொருளாளர். வாசகசாலைத் துணைத்தலைவர். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளூர் மதுவிலக்குப் பிரசாரக் கமிட்டியின் தலைவர். மதுவிலக்கு திரும்ப வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. காந்தி ஜெயந்திக்கு அவர் பேசிய பேச்சில் கூட்டத்தில் சில பெண்கள் அழுதிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் வைன் குடிக்கக் கற்றுக்கொள்வது என்றால் அதற்கு ஒரு கௌரவமான பெயர் வேண்டும் அல்லவா? கம்பெனி மாடியில், துணி மடிக்கும் மேசைகளை ஒதுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வகுப்பு ஏற்பாடாயிற்று. கதவில் ஒரு பலகை மாட்டினார்கள்: 'அயல்நாட்டு வணிகப் பண்பாட்டுக் கழகம்.' சுவரில் இருந்த பெரிய முருகன் படத்தின் மேல் மட்டும் வகுப்பு நடக்கும் நேரத்தில் ஒரு பனியன் துணியைப் போட்டு மூடிவிடுவார்கள். சாமிக்குத் தெரியாது என்று இல்லை. சாமி தர்மசங்கடப்படக்கூடாது என்றுதான்.

வாத்தியார் குன்னூரிலிருந்து வந்தார். பெயர் ஞானப்பிரகாசம். மலையில் தோட்டத் துரைமார்களின் கிளப் ஒன்றில் இருபது வருஷம் இருந்தவர். என்னவாக இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய கறுப்புக் கோட்டின் இடது மார்பில் மட்டும் ஒரு வட்டம் வெயில் படாமல் கருகருவென்று இருந்தது. பரிமாறுகிறவர்கள் நம்பர் வில்லை குத்தும் இடம் அது. அந்த வட்டத்தை எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் அதை வெளிநாட்டு நாகரிகம் என்று எடுத்துக்கொண்டார்கள். நூல் வியாபாரி சாமியப்பன் மூன்றாம் வகுப்புக்கு வரும்போது, அதே மாதிரி கறுப்பு வட்டம் ஒட்டித் தைத்த கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார்.

முதல் வகுப்பில் நிஜமான வைன். மேத்தா பம்பாயிலிருந்து துணிக்கட்டுக்குள் சுற்றி அனுப்பிய இரண்டு புட்டிகளில் ஒன்று. இன்னொன்று சீல் உடையாமல் முதலியார் வீட்டு பீரோவுக்குள் போய்விட்டது. அது இத்தாலிக்காரருக்கு.

"முதல்ல பார்க்கணும் சார்" என்றார் ஞானப்பிரகாசம், கிளாசை வெளிச்சத்துக்கு உயர்த்தி. "அப்புறம் சுழட்டணும். மோந்து பார்க்கணும். ஒரு வாய் எடுத்து நாக்குல உருட்டணும். அப்புறம் துப்பிடணும்."

"துப்பறதுங்களா?" என்றார் சாமியப்பன்.

"துப்பத்தான் சார் வேணும். துரைமாருங்க ருசி பார்க்கறப்ப முழுங்க மாட்டாங்க."

"துப்பறதுக்கா கப்பலேறி வருது?"

முதலியார் கையை உயர்த்தி அவரை அடக்கினார். அவர் முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது. துப்பிவிட்டால் குடித்ததாகாது. மதுவிலக்குக் கமிட்டித் தலைவர் பதவிக்கும் பங்கம் இல்லை. "பண்பாடுன்னா இதுதானுங்க" என்றார். "நம்மாளுங்க குடிக்கறது வெறிக்கு. அவங்க துப்பறது ரசனைக்கு."

துப்புவதற்கு ஆளுக்கொரு வெற்றிலைப் படிக்கம் வைக்கப்பட்டது. வைனோடு கடித்துக்கொள்ளப் பாலாடைக் கட்டி வேண்டும் என்று வாத்தியார் சொன்னார். அப்படி ஒன்றை ஊரில் யாரும் கண்டதில்லை. ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு உருண்டை வாழையிலையில் வந்தது. அதை நக்கிக்கொண்டு பல பேர் ஐரோப்பாவை உணர்ந்தார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. கிளாசில் வாய் வைப்பது. அந்த ஊரில் தண்ணீரானாலும் காப்பியானாலும் டம்ளரைத் தூக்கி, அண்ணாந்து, உதடு படாமல் தொண்டைக்குள் ஊற்றிக்கொள்வதுதான் முறை. வாய் வைத்துக் குடித்தால் எச்சில். அந்தப் பாத்திரத்தை அப்புறம் யார் தொடுவது? இதற்கு முதலியார் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு கிளாஸ் காம்பிலும் ஒவ்வொரு நிறத்தில் நூல் கட்டினார்கள். சாமியப்பனுக்குச் சிவப்பு, இன்னொருவருக்குப் பச்சை. முதலியாருக்கு நூலும் போதவில்லை. அவர் தன் கிளாசை வீட்டிலிருந்தே துண்டில் சுற்றி எடுத்துவந்து, துண்டில் சுற்றியே எடுத்துப் போனார்.

இந்தத் தடையை எல்லோரும் எப்படியோ தாண்டிவிட்டார்கள், ஆத்தப்ப கவுண்டர் ஒருவரைத் தவிர.

ஆத்தப்பனுக்கு நொய்யல் கரையில் சலவைப்பட்டறை. பின்னல் மிஷினிலிருந்து பழுப்பாக வரும் பனியன் துணியைச் சோடாவில் வேகவைத்து, பிளீச்சிங் தொட்டியில் ஊறப்போட்டு, அலசி, நீலம் காட்டி, வெயிலில் உலர்த்தி வெள்ளையாக்கித் தருகிறவர். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று அவர் கண்ணுக்குத்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டில் எதிரே வருகிறவனின் பனியனைப் பார்த்து, "இது மூணாந்தொட்டித் துணி, அலசல் பத்தலை" என்பார். ஊர்ப் பனியனில் பாதி அவர் கையில்தான் வெளுத்தது. ஆனால் டப்பாவின் மேல் கிளி இருக்கும், சிங்கம் இருக்கும், முதலாளியின் பேரன் சிரித்துக்கொண்டிருப்பான். வெளுத்தவன் பெயர் எந்த டப்பாவிலும் வந்ததில்லை. கூலிக்குச் செய்கிற வேலைக்குப் பெயர் எதற்கு?

ஆத்தப்பனுக்கு ஒரே ஒரு ஆசை. அந்த மேசையில் ஒரு நாற்காலி. இத்தாலிக்காரர் பனியனை எடுத்துப் பார்க்கும்போது, 'இது என் வெள்ளைங்க' என்று ஒரு தடவை, தன் வாயால், சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். நாற்காலி யாருக்கு என்பது கடைசி வகுப்புப் பரீட்சையில் தீர்மானமாகும் என்று முதலியார் அறிவித்திருந்தார்.

ஆனால் கை கேட்கவில்லை. கிளாசை எடுத்தால் அது தானாகவே நெற்றிக்கு மேலே போயிற்று. வைன் நேராகத் தொண்டையில் இறங்கியது. நாக்கில் உருட்டவும் ஒன்றும் இல்லை, துப்பவும் ஒன்றும் இல்லை.

"கவுண்டரே, படிக்கம் காஞ்சு கெடக்குது பாருங்க" என்று சாமியப்பன் கேலி செய்தார். "உங்க வயித்துக்குள்ளயே தனியா ஒரு படிக்கம் வெச்சிருக்கறீங்களாட்ட இருக்குது."

வீட்டில் மோரை வைத்துப் பழகிப் பார்த்தார். மனைவி குழந்தையம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, கன்னுக்குட்டியாட்டம் அதென்ன உறிஞ்சறது?"

"படிக்கிறேன் புள்ள."

"அம்பது வயசுல மோர் குடிக்கப் படிக்கறீங்களாக்கும்! எச்சப் பண்ணுன அந்த டம்ளரை இனி ஊட்டுக்குள்ள கொண்டுவராதீங்க. மாட்டுக்கொட்டாயிலயே இருக்கட்டும்."

"வெள்ளைக்காரனோட உக்காரோணுமில்ல."

"உக்காந்து?"

ஆத்தப்பன் டம்ளரை உதட்டில் வைத்தார். உதடு கூசியது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் இழுத்தார். மோர் மூக்கில் ஏறித் தும்மினார். குழந்தையம்மாள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

இரண்டாம், மூன்றாம் வகுப்புகளுக்கு ஞானப்பிரகாசம் மலையில் தெரிந்த ஒருவர் வீட்டில் காய்ச்சிய திராட்சை ரசம் கொண்டுவந்தார். பரீட்சை நெருங்கும்போது அதுவும் தீர்ந்தது. கடைத்தெருவில் கறுப்புத் திராட்சை கிடைத்தது. சர்க்கரையைக் கருக்கி நிறம் கொண்டுவரலாம். வீரியத்துக்கு மட்டும் நல்ல சரக்கு வேண்டும். அவர் முதலியாரிடம் போய் நின்றார்.

"எப்படியும் துப்பறதுதானுங்களே?" என்றார் முதலியார்.

"ஆமா சார்."

"துப்பறதுக்கு எதுக்குங்க நல்ல சரக்கு?"

துரைமார் கிளப்பில் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. முதலியார் குடோனைத் திறந்து ஒரு தகர டின்னைக் காட்டினார். மிஷின் ஊசி துடைக்கவும், ஆபீஸ் நாற்காலிகளுக்கு பாலிஷ் போடவும் வாங்கி வைத்த ஸ்பிரிட்.

ஞானப்பிரகாசம் மூடியைத் திறந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். "இது வேற ஸ்பிரிட் மாதிரி இருக்கு சார். குடிக்கற ஸ்பிரிட் வேற."

"ஸ்பிரிட்டுல என்னய்யா சாதி?" என்றார், தன் கிளாசைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருகிற முதலியார்.

வாத்தியாருக்குச் சம்பளம் பாக்கி இருந்தது. அவர் டின்னைத் தூக்கிக்கொண்டார்.

பரீட்சை சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது. முருகன் படத்தின் மேல் துணி விழுந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு ருசித்துச் சொல்வதுதான் துரைமார் வழக்கம் என்று வாத்தியார் எப்போதோ சொல்லித் தொலைத்திருந்தார். முதலியாருக்கு அது பிடித்துப் போயிற்று. வெட்டுத் துணிக் கழிவிலிருந்து பட்டை பட்டையாகக் கிழித்து எல்லோர் கண்ணையும் கட்டினார்கள். ஆளுக்கு மூன்று கிளாஸ். ஒன்று இத்தாலி, ஒன்று பிரான்சு, ஒன்று போர்ச்சுகல் என்று அறிவிக்கப்பட்டது. எது எது என்று சொல்ல வேண்டும். மூன்றும் ஒரே அண்டாவிலிருந்து ஊற்றியவை என்பது ஞானப்பிரகாசத்துக்கும் முதலியாருக்கும் மட்டும் தெரியும்.

முதலியார் உதட்டில் தொட்டார், துப்பினார். "இது போர்ச்சுகல். கடல் காத்து அடிக்குது."

"சரியான விடை சார்."

சாமியப்பன் நுனிநாக்கில் வைத்தார், துப்பினார். "முதல் கிளாஸ்ல செம்மண்ணு வாசம். ரெண்டாவதுல வெயில் ஏறின திராட்சை. மூணாவதுல... மூணாவதுல பழைய பீப்பா. தேக்கு."

"ஓக்கு சார்."

"ஓக்குத்தான். தேக்கும் ஓக்கும் பங்காளிங்கதானே?"

பாராட்டுக் கைதட்டல் எழுந்தது. முதலியாரின் மச்சினன் ஒருவரும் கடல், மண், வெயில் என்று ஏதேதோ சொன்னார். அவருக்கும் கை தட்டினார்கள்.

விடை சொன்னவர்கள் கண்கட்டை அவிழ்த்திருந்தார்கள். ஆத்தப்பன் முறை வந்தது. கண்ணைக் கட்டியிருந்த துணியை விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் பட்டறைத் துணிதான். கிளாசைத் தேடி எடுத்தார். உதட்டுக்கு, உதட்டுக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ஆனால் கண் கட்டியிருந்ததால் கை, தான் அறிந்த ஒரே வழியில் போயிற்று. தலை அண்ணாந்தது. முதல் கிளாஸ் மடமடவென்று இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதற்குள் யாரோ சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஞானப்பிரகாசம் மட்டும், "வேண்டாம் சார், முழுங்காதீங்க!" என்று இரண்டடி முன்னால் வந்தார். வந்து, முதலியார் இருக்கும் பக்கம் பார்த்து, நின்றுவிட்டார்.

ஆத்தப்பன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். சற்று யோசித்தார்.

"மூணும் ஒண்ணுதானுங்க."

கூடமே சிரித்தது.

"தொண்டையில மூணும் ஒரே மாதிரித்தானுங்க எரியுது. இத்தாலியும் இல்லை, பிரான்சும் இல்லை. மூணும் ஒண்ணு."

"துணியை வெளுத்து வெளுத்து உங்க நாக்கும் வெளுத்துப் போச்சுங்க கவுண்டரே" என்றார் முதலியார். சிரிப்பு இன்னும் கூடியது. அன்று அந்தக் கூடத்தில் உண்மையைச் சொன்ன ஒரே மனிதர் பரீட்சையில் தோற்றார். நாற்காலிகள் முதலியாருக்கும் சாமியப்பனுக்கும் மச்சினனுக்கும் போயின.

காலையில் எழுந்ததும் ஆத்தப்பன் கேட்டார், "ஏம் புள்ள, பனி எறங்கியிருக்குதா?"

"சித்திரையில ஏதுங்க பனி? நேத்து எங்க போய் என்னத்தக் குடிச்சுட்டு வந்தீங்களோ, இன்னும் தெளியலை."

தலை பாரமாக இருந்தது. வயிறு முறுக்கியது. வழக்கத்தை விடாமல் பட்டறைக்குப் போனார். வாசலில் துணி குவிந்து கிடந்தது. அவர் ஒன்றைத் தொட்டுத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னிக்கு வெள்ளை நல்லா வந்திருக்குதுங்கடா. இந்த மாதிரி வந்ததே இல்லை."

தொட்டியில் துணி மிதித்துக்கொண்டிருந்தவர்கள் மிதிப்பதை நிறுத்தினார்கள். அவர் கையில் இருந்தது இன்னும் வேகவைக்காத பழுப்புக் காடாத் துணி. அவர் அடுத்ததைத் தொட்டார். அதுவும் நல்ல வெள்ளை என்றார். தொட்டி, சுவர், நொய்யல், எதிர்க்கரைத் தென்னை எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தன. இரண்டு பேர் கையைப் பிடித்து அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள்.

அங்கே வாசலில் ஞானப்பிரகாசம் நின்றுகொண்டிருந்தார். கோட்டு இல்லை. மூன்று கிளாசையும் விழுங்கிய மனிதர் எழுந்தாரா என்று பார்க்க வந்தவர். ஆத்தப்பன் வாசற்படியைக் காலால் தடவித் தேடுவதைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அம்மா, உடனே கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. எங்க கிளப்புல ஒரு சமையக்காரன் பாலிஷ் ஸ்பிரிட்டைக் குடிச்சுட்டு இப்படித்தான் ஆனான். டாக்டர் அவனுக்கு நல்ல சாராயத்தையே மருந்தாக் குடுத்துப் பிழைக்க வெச்சாரு. நல்ல சரக்கு உள்ளே போனா, கெட்டது வேலை செய்யறதைப் பிடிச்சு நிறுத்துமாம். முதலியார் பீரோவுல ஒரு நிஜப் புட்டி இருக்கு. அதை வாங்கி வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துக்கிட்டே போங்க."

"நீங்க யாருங்க?"

"நான் வாத்தியா..." என்று ஆரம்பித்து, "நான் கிளப்புல கிளாஸ் கழுவினவன்மா" என்றார். தன்னைப் பற்றி அந்த ஊரில் அவர் சொன்ன முதல் உண்மை. அதைச் சொல்லிவிட்டு மத்தியான ரயிலுக்குப் போய்விட்டார்.

குழந்தையம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலியார் வீட்டுக்கு ஓடினாள். முதலியார் பூஜையை முடித்துவிட்டு வந்து, விபூதி நெற்றியோடு நிதானமாகக் கேட்டார். முழுக்கக் கேட்டார்.

"புட்டியா? நம்ம ஊட்டுலீங்களா?" என்றார். "அம்மிணி, நான் மதுவிலக்குக் கமிட்டித் தலைவருங்க. அப்படி ஒண்ணு இல்லவே இல்லீங்க."

பிறகு அவரே காரில் ஆத்தப்பன் வீட்டுக்கு வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து, அவர் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"பித்தம் ஏறியிருக்குதுங்க கவுண்டரே. ஆஸ்பத்திரிக்குப் போனீங்கன்னா முதல்ல வாயைத்தான் மோந்து பார்ப்பான். குடிக்கறதுக்குப் பெர்மிட் இருக்குதான்னு கேப்பான். போலீசு வரும். பேப்பர்ல வரும். இத்தாலிக்காரன் பம்பாயிலிருந்தே திரும்பிப் போயிருவான். ஊருக்கே வந்த அதிர்ஷ்டம் உங்களால போச்சுன்னு ஆகோணுங்களா?"

ஆத்தப்பன் குரல் வந்த திசையைப் பார்த்தார்.

"ரெண்டு நாளைக்கு ஊட்டுல பேசாமப் படுங்க. மச்சினனை எந்திரிக்கச் சொல்லிடறேன். மூணாவது நாற்காலி உங்களுக்குத்தான்."

"நெசமாங்களா?"

"முருகன் சத்தியமா."

குழந்தையம்மாள் குறுக்கே வந்தாள். "நாற்காலி கெடக்குது, வண்டியைப் பூட்டச் சொல்றேன். எந்திரிங்க."

"சும்மா இரு புள்ள" என்றார் ஆத்தப்பன். அவர் முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு தெளிவு வந்திருந்தது. "ரெண்டு நாள்தானே. முதலியாரு சத்தியமே பண்றாரு."

அவள் அவர் கண்ணில் ஊத்துக்குளி வெண்ணெயை வைத்துக் கட்டினாள். குளிர்ச்சி என்றார்கள். அன்று ராத்திரி மூச்சு இழுத்து இழுத்து வந்தது. மறுநாள் அவர் பேச்சைக் கேட்காமல் அவளே வாடகைக் கார் பிடித்துக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனாள். உயிர் தப்பியது. கண்ணைப் பார்த்த டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, "நேத்தே கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளையும் போய், அதன் பிறகு ஒன்றுமே இல்லை.

இத்தாலிக்காரர் சொன்னபடி வைகாசியில் வந்தார். மெலிந்த, வெயிலில் சிவந்துபோன மனிதர். முதலியார் வீட்டு முன்கூடத்தில் புது மேசை, புது விரிப்பு. நடுவே, ரோஜா மாலைக்குள், சீல் உடையாத புட்டி. மூன்றாவது நாற்காலியில் மச்சினன் உட்கார்ந்திருந்தார். கண் தெரியாத ஒருவரை வெளிநாட்டுக்காரர் முன்னால் எப்படி உட்காரவைப்பது? அபசகுனம் ஆகாதா? முருகன் இதைப் புரிந்துகொள்வார் என்பதில் முதலியாருக்குச் சந்தேகம் இல்லை.

கிளாஸ்கள் நிரம்பக் காத்திருந்தன. முதலியார் சுழற்றும் விரல்களைத் தயாராக வைத்திருந்தார். சாமியப்பன் கோட்டில் வட்டம் பளபளத்தது. இத்தாலிக்காரர் புட்டியைப் பார்த்தார், புன்னகைத்தார், மேத்தாவிடம் ஏதோ சொன்னார்.

"வயிறு சரியில்லையாம்" என்றார் மேத்தா. "டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காராம். தயிர்ச்சாதம் கிடைக்குமான்னு கேக்கறார்."

பண்பாட்டுக் கழகம் முழுவதும் தயிர்ச்சாதம் சாப்பிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு பனியன் மாதிரிகளை மேசையில் பரப்பினார்கள். இத்தாலிக்காரர் ஒவ்வொன்றாகப் பிரித்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். ஒன்றைக் கீழே வைக்கவே இல்லை. அது பரீட்சைக்கு முந்தின வாரம் ஆத்தப்பன் பட்டறையிலிருந்து வந்தது.

"இந்த வெள்ளையை யார் செஞ்சதுன்னு கேக்கறார்."

"நம்ம கம்பெனிதானுங்க" என்றார் முதலியார்.

மேத்தா சொன்னதைக் கேட்டு இத்தாலிக்காரர் இல்லை என்று தலையாட்டினார். மறுபடி நீளமாகப் பேசினார். "கம்பெனி இல்லை, ஆளைக் கேக்கறார். ஒவ்வொரு தடவையும் இதே வெள்ளை வேணுமாம். செஞ்ச ஆளைப் பார்த்துக் கைகுலுக்கினாத்தான் ஆர்டர் பேசுவாராம்."

முதலியார் டிரைவரைக் கூப்பிட்டார். கார் நொய்யல் கரைக்குப் போயிற்று.

ஆத்தப்பன் சலவை வேட்டி, சலவைச் சட்டையில் வந்தார். குழந்தையம்மாள் தோளில் கை. மச்சினன் எழுந்தார். மூன்றாவது நாற்காலியில் ஆத்தப்பனை உட்காரவைத்தார்கள். அவர் அதன் கைப்பிடிகளை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார். கண் ஆபரேஷன் நடந்திருக்கிறது, சீக்கிரம் சரியாகிவிடும் என்று முதலியார் மேத்தாவின் காதில் சொல்ல, மேத்தா அதை இத்தாலிக்காரரிடம் சொன்னார்.

இத்தாலிக்காரர் ஆத்தப்பன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கையில் பனியனைக் கொடுத்தார். ஆத்தப்பன் விரல்களுக்கிடையில் துணியை இரண்டு தடவை உருட்டினார்.

"இது என் வெள்ளைங்க" என்றார்.

அதை எத்தனை நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாரோ, குரல் நடுங்கவில்லை. இத்தாலிக்காரருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் உற்சாகத்தில் மாலையை எடுத்து ஆத்தப்பன் கழுத்தில் போட்டார். பிறகு புட்டியை எடுத்தார். "அதை..." என்று முதலியார் பாதி எழுந்தார். அதற்குள் சீல் உடைந்து, தக்கை கழன்றுவிட்டது. இத்தாலிக்காரர் தன் கையாலேயே ஒரு கிளாஸ் ஊற்றி ஆத்தப்பனிடம் நீட்டினார்.

குழந்தையம்மாள் கணவனின் கையைத் தடுக்கப் போனாள். அவர் வாங்கிவிட்டார். கிளாஸ் நெற்றிக்கு மேலே போயிற்று. உதடு படாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல், கறுஞ்சிவப்பு ஒரே தாரையாக இறங்கியது. இத்தாலிக்காரர் கை தட்டினார்.

ஆத்தப்பன் சற்று யோசித்தார். முகம் முதலியாரின் பக்கம் திரும்பியது.

"இது வேறீங்க" என்றார். "அன்னிக்குக் குடிச்சதில்லை. இது வேற."

குழந்தையம்மாள் மேசைக்கு அருகில் வந்தாள். மாலை இல்லாமல் நிற்கும் புட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"ஏனுங் முதலியாரே, இல்லவே இல்லைன்னீங்களே. அது இதுதானுங்களா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சாமியப்பன் தன் கோட்டு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்ன சொல்கிறார் என்று இத்தாலிக்காரர் மேத்தாவைக் கேட்டார். மேத்தா முதலியாரைப் பார்த்தார். அப்புறம் ஏதோ சொன்னார். இத்தாலிக்காரர் முகம் மலர்ந்து ஒரு நீண்ட பதில் தந்தார். அதை மேத்தா சிரத்தையாகத் தமிழில் சொன்னார்:

"உடம்புக்கு நல்லதான்னு கேட்டீங்கன்னு சொன்னேன். ரொம்ப நல்லதாம். அவங்க ஊர்ல பெரியவங்க தினமும் ஒரு கிளாஸ் குடிப்பாங்களாம்."

ஆர்டர் பேச்சு ஆரம்பித்தது. முதலியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லோரும் நாற்காலியோடு அவர் பக்கம் நகர்ந்துகொண்டார்கள். ஆத்தப்பனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் நாற்காலிக் கைப்பிடியை மறுபடி தடவினார். மனைவி நிற்கிற பக்கம் தலையைச் சாய்த்து, மெதுவாகக் கேட்டார்.

"ஏம் புள்ள, மேசைகிட்டத்தான் போட்டிருக்கறாங்களா?"

"ஆமாங்க."

"நடுவுலயா, ஓரத்துலயா?"

குழந்தையம்மாள் பார்த்தாள். எல்லோரும் முன்னால் நகர்ந்துவிட்டதில் அந்த நாற்காலி தனியாக, சுவரோரம், பின்னால் கிடந்தது.

"நடுவுலதானுங்க" என்றாள்.

ஆத்தப்பன் மாலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.